கோழிக்கு வைத்த அரிசி

கைதப்புழா,
4-3-1996.

பிரிய ஏலிக்குட்டிக்கு,

சோசாம்மா எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடத்தான் தோன்றும். போடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் பத்திகளையாவது படித்துவிட்டுப் போடு. அது உன் வீட்டுக்காரர் குரியன் சமாசாரம். மற்றதெல்லாம் என் சமாசாரம்.

இரிட்டியில் உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம்தானா? மகள் ஜின்சியை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயா? விலாசத்தை நம் கோயில் அச்சனிடம் கேட்டு வாங்கினேன். "எதுக்கு? இன்னும் ஏதாச்சும் சொல்ல பாக்கி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். எனக்கு வேண்டியதுதான்.

இங்கே சொட்டு மழை இல்லை. ஆற்றில் உப்பேறி, குடிக்கிற தண்ணீர் வள்ளத்தில் வருகிறது. உன் வீட்டுச் சாவி திரேசியாவிடம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு நாளுக்கொருமுறை போய் வாசலைப் பெருக்கிவிட்டு வருகிறாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்று ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் அத்தனை பெண்கள் நடுவே உன்னை நிறுத்தி நான் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். முந்தின நாள் நீ பிடியரிசிப் பையோடு பரீது கடைக்குள் போனதை என் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்ததோடு சரி, கேட்கவில்லை. "ஏழைக்குன்னு எடுத்து வைக்கிற அரிசியைக் கடையில போட்டுக் காசாக்குறவளுக்கு இனிமே இங்க என்ன வேலை?" என்று கத்தினேன். "சரி, சேச்சி" என்றாய். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாய். எதிர்த்துப் பேச வாயில்லாததால் போகிறாள் என்று திரேசியாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். மறுநாளே அரிசி வாங்குகிறவர்கள் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் நீங்கள் இரிட்டிக்குக் கிளம்பினீர்கள்.

நாற்பத்திரண்டு வீட்டில் உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்து வைத்து, அதையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டி, இல்லாத வீடுகளுக்குப் பங்கு வைக்கிற சங்கம் இது. ஒன்பது வருடம் நான்தான் செயலாளர். ஒரு நாளாவது அந்த அரிசியை நான் பொங்கிப் பார்த்ததில்லை.

நோன்பு வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒறுத்தலாக ஒரு வெள்ளிக்கிழமை பிடியரிசிக் கஞ்சி மட்டும் குடிக்கலாம், அதைக் கூட்டத்தில் சொன்னால் மற்றப் பெண்களும் செய்வார்களே என்று. என் புத்தி எங்கே போகிறது பார்! உன் பங்கு யாருக்கும் போகாமல் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. அதில் ஒரு நாழி எடுத்துப் பொங்கினேன். வெள்ளையரிசி குழைந்து பசையாகிவிட்டது, சிவப்பு மட்டையரிசி கல்லுக்கல்லாக நிற்கிறது. இன்னும் எரித்தேன். வெள்ளை அடிப்பிடித்ததே தவிர சிவப்பு வேகவில்லை.

எங்கள் வீட்டுக்காரரை உனக்குத் தெரியுமே, வாயை அடக்க மாட்டார். ஒரு வாய் வைத்துவிட்டு, கஞ்சியா காரையா என்று கேட்டார். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விழுங்கினேன். அப்புறம் அவர் கிண்டலை நிறுத்திவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். "உனக்கே இறங்கலையே. அறுத்த தொண்டையில அந்தக் குரியனுக்கு இது எப்படிடி இறங்கும்?"

உடனே எழுந்தேன், ஏலிக்குட்டி. மீதி அரிசியை முறத்தில் கொட்டிப் பரப்பினேன். சிவப்பும் வெள்ளையும், அதன் நடுவே புழுத்த அரிசி, மஞ்சள் மஞ்சளாக. கோழிக்குச் சீக்கு வராமலிருக்க மஞ்சள் தடவிய ரேஷன் அரிசி. இந்தக் கரையில் அப்படித் தடவுகிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். நாங்கள் தின்பது நல்ல மட்டையரிசி. பிடியரிசி டப்பாவுக்கு மட்டும் என் கை கோழி டப்பாவுக்குள் போகும். யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான். நீ எங்கள் வீட்டில் நெல் அவிக்க வந்த நாட்களில் அந்த அரிசியைக் கோழிக்கு வீசினது நீதானே. பையைத் திறந்த முதல் வாரமே உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லையே! நான் உன்னைத் திட்டினபோதாவது அதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் அந்த முற்றத்தில் நின்றே செத்திருப்பேன். அதனால்தான் சொல்லாமல் விட்டாயா?

சனிக்கிழமை பரீது கடைக்குப் போனேன். குரியனுக்குத் தொண்டை கெட்ட நாளிலிருந்து நீ மூன்று நாழி கொடுத்து ஒன்றரை நாழி நொய் வாங்கிப் போனாயாம், ஒரு பைசா கை மாறவில்லையாம். முன்பே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவனிடம் போய்க் கோபப்பட்டேன், வெட்கங்கெட்டவள். "நீங்க கேக்கவேயில்லையே, சேச்சி" என்றான்.

நேற்று பூசை முடிந்ததும் அதே முற்றத்தில், அதே பெண்கள் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஏலிக்குட்டி காசாக்கவில்லை, கேட்காமல் பேசிவிட்டேன் என்பது வரை வந்தது. கோழி அரிசி என்று சொல்ல வாய் எழவில்லை. அதற்குள் நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பை ஒத்துக்க உங்களைப் போல நல்ல மனசு யாருக்கு வரும், சேச்சி?" என்றார்கள். நான் தலையைக் குனிந்து நின்று அதையும் வாங்கிக்கொண்டேன். ராத்திரி முழுக்க அந்த வார்த்தைதான் குத்தியது. உன் பெயரைத் திரும்ப எழுதியாயிற்று, செயலாளர் வேலையைத் திரேசியாவிடம் கொடுத்தாயிற்று, மீதியை அடுத்த ஞாயிறு சொல்வேன். சொல்லும் தைரியம் வருமா என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாததால் உன்னிடம் முதலில் எழுதுகிறேன்.

இனி குரியன் சமாசாரம். இன்று காலை கோட்டயம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குரியனைக் கவனித்த சிஸ்டரைப் பார்த்தேன். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைக்கத் தொடங்கிவிட வேண்டுமாம். தள்ளிப்போட்டால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் உன்னிடமும் சொன்னாராம். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை கடைசி. அப்புறம் ஒன்றரை மாதம் தினமும் போய்வர வேண்டும். இரிட்டியிலிருந்து அது நடக்கிற காரியமா? நீ இங்கே வந்தால்தான் உண்டு.

எங்கள் வீட்டுக்காரர் ஜீப்பில் தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். அவராகவே சொன்னது, நான் சொல்லச் சொல்லவில்லை. அவர் உனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை, அவரோடு நீ தாராளமாக வரலாம். நான் ஜீப்பில் ஏற மாட்டேன். உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் விடிகாலைப் பூசைக்குப் போய்விடுகிறேன், நீ எட்டு மணிப் பூசைக்கு வா, என் முகத்தில் விழிக்க வேண்டியிராது. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம், எத்தனை வருடமானாலும் சரி. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் குரியனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மோளே.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் வழியில் காக்கட்டும்.

சோசாம்மா