போர் பைப்பின் மூச்சு

அக்டோபர் 6, அச்சரப்பாக்கம்
கொல்லையில் இன்றும் அந்தச் சத்தம். எங்கள் கல்யாணத்துக்கு மறுவாரம் நானூறு அடி இறக்கியும் தண்ணீர் வராத போர். மூடியில்லாத பைப்பிலிருந்து யாரோ அயர்ந்து தூங்குவதுபோல் மூச்சு வருகிறது. மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "இவ கால வச்சதிலேந்து பூமி பெருமூச்சு வுட்டுகினு கீது." தை பிறப்பதற்குள் என்னை அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடப் போகிறார்களாம். என் கணவர் கார்த்தி வாயே திறக்கவில்லை. மாமல்லபுரம் ஹோட்டல் வேலையில் நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்தான்.

அக்டோபர் 7
பயம். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. காலை எட்டு மணிக்குப் பைப்பின் வாயில் பால் கவரை வைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டது. மதியம் இன்னொன்று வைத்தேன். தூக்கி எறிந்தது. காற்று வெதுவெதுவென்று, ஆள் மூச்சு மாதிரி.

அக்டோபர் 25
காலை பத்து வரை இழுக்கிறது. பிறகு நாலு வரை விடுகிறது. பதினெட்டு நாளும் அப்படியே. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு?

நவம்பர் 2
போனில் காற்றழுத்தம் பார்த்து எழுதிவந்தேன். அழுத்தம் ஏறினால் இழுக்கிறது, இறங்கினால் விடுகிறது. அவ்வளவுதான்! என் காலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாதியில் நிறுத்திய பி.எஸ்சி. இயற்பியலை நினைத்து அழுதேன். மாமியாரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அதுங்கூட பேசுறியா நீ?"

நவம்பர் 28
இன்று இழுக்கவே இல்லை. விடிந்ததிலிருந்து ஊதிக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் இப்படி இறங்கிக்கொண்டே போனால் புயல்தான். கார்த்தியை உடனே கிளம்பி வரச் சொன்னேன்.

நவம்பர் 30
புயல். கார்த்தி தங்கும் ஊழியர் அறையின் கூரை விழுந்துவிட்டதாம். அவர் இங்கே இருக்கிறார். மாமியார் பைப்புக்குக் குங்குமம் வைத்தார். எனக்கும் வைத்தார்.

ஜனவரி 11
அனுப்பிவிடும் பேச்சே இப்போது இல்லை. படிப்பை முடிக்கப் போகிறேன் என்றதும் மாமியார் வாசலை மறித்து நின்றார். "நீ பூட்டா அதுக்கு யாரு பதில் சொல்றது?" அப்போது பீடை, இப்போது சாமி. நான் கண்டுபிடித்தது என்னவென்று ஒருத்தராவது கேட்டார்களா? கார்த்தி முதல்முறையாக வாய் திறந்தார். "அவ படிக்கட்டும்மா."

ஜூலை 18, செங்கல்பட்டு
விடுதிக்கு மாமியார் போன் செய்தார். மூன்று நாளாகப் பைப்பு மூச்சே விடவில்லையாம். காற்றழுத்தம் மாறாமல் இருந்தால் அப்படித்தான் என்று தைரியம் சொல்லி வைத்தேன்.

மதியம் ஆய்வகத்தில் பாரமானிக் குறிப்பேட்டைப் புரட்டினேன். மூன்று நாளும் அழுத்தம் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, வழக்கம்போல.

மறுபடி மறுபடி பார்த்தேன். அப்படியென்றால் பைப்பு ஏன் நின்றது? நாளை சனிக்கிழமை. முதல் பஸ்ஸுக்கே போகிறேன்.