ஒருவருக்கான கூடாரமா, இருவருக்கானதா

சிவமலர்,

கணவாய்க் கறி அடுப்பில் இருக்கிறது. கோபத்தில் சமைத்ததால் உறைப்புக் கூடிவிட்டது. விருப்பமென்றால் சாப்பிடும், இல்லாவிட்டால் விடும்.

பின்னேரம் பாலேந்திரா வருவார், நாளைக்கு ரொறொன்ரோ போகிறார். மாசியில் நாங்கள் அங்கே போய் உறைந்த ஏரியில் மீன்பிடிக்க எந்த மடக்குக் கூடாரம் வாங்குவதென்று உம்முடைய ரொறொன்ரோ அண்ணர் அவரிடம்தான் பதில் சொல்லிவிடக் கேட்டிருக்கிறார். ஒருவருக்கானது என்று சொல்லிவிடும். நேற்று ரெலிபோனில் அண்ணர் கேட்க நீர்தானே கத்தினீர்: "ஐஸுக்கு மேலை இந்த மனிசனோடை குந்தியிருக்க எனக்கென்ன விசரோ? தனியப் போய் விறைக்கட்டும்!"

சந்தோஷம். மீன் வாய் திறந்தாலும் சத்தம் வராது.

ஷிப்டுக்குப் போகிறேன். திறப்பு என்னிடம் இருக்கிறது, கதவு திறக்க உம்மைக் கெஞ்சமாட்டேன்.

தியாகராஜா

பி.கு.: ஒருவருக்கான கூடாரத்தின் அளவுக்கு முன்னறைக் கம்பளத்தில் நூல் போட்டு, உள்ளே இருந்து பார்த்தேன். என் வயிறு மட்டும்தான் அதற்குள் அடங்கியது. மிச்ச ஆள் ஏரியில்.

ஆகவே இரண்டு பேருக்கானது என்றே சொல்லும். சமாதானம் என்று நினைக்கவேண்டாம், கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் போய் நான் ஆரோடு சண்டை பிடிக்கிறது?