ஒலியைக் குறைத்த கீபோர்டு

கண்ணு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உன் கீபோர்டின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு வாசித்தேன். ஹெட்போன் உன்னோடு வந்துவிட்டதே. நீ ஆஸிமைக் கட்டிக்கொண்டு போன அன்று உன் அப்பா என்னிடம் சொன்னார்: "இனி அந்தப் பொட்டிச் சத்தம் கேட்டுதுன்னா, அதையுந் தூக்கிக்கிட்டு நீயும் அவ ஊட்டுக்கே போயிரு."

நாளை எனக்குப் பியானோவில் முதல் கிரேடு தேர்வு. கோயிலுக்கென்று சொல்லிவிட்டு உன் பழைய டீச்சர் பிரவீனாவிடம்தான் போய்வருகிறேன். தேர்வுக்கும் நீ சின்ன வயதில் வாசித்த அதே பாட்டுதான். இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்ல முடியாது; அதையாவது வாசிக்கலாமென்று நினைத்தேன்.

நேற்று பிரவீனா வீட்டுப் பியானோவில் நான் வாசித்தபோது பாதி சுரங்கள் ஒலிக்கவே இல்லை. "ஏனுங்கக்கா, கட்டையத் தொட்டுக் கும்பிடறீங்களா? நல்லா அமுத்துங்க!" என்று சிரித்தாள். என்னால் அழுத்த முடியவில்லை, கண்ணு. சத்தமில்லாமலே பழகிய விரல்கள், சத்தம் வந்ததும் பயந்து எழும்பிவிடுகின்றன. இப்படியே போனால் நாளை அங்கேயும் ஊமையாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் அப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்ததும், ஒலியை முழுக்கக் கூட்டிவைத்து வாசிக்கப் போகிறேன்.

உன் உக்கடத்து வீட்டில் கீபோர்டு வைக்க இடமிருக்குமா?

உன் அம்மா