கியரில் விட்ட கார்

சிங்கப்பூர், 1963 ஜூலை 12, வெள்ளி

புதுக் காருக்குப் பூஜை போட்டே ஆகவேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனாலும் சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு நான்தான் ஓட்டிப்போனேன். நான் இறங்கி ஓரமாக நின்றேன். குருக்கள் கற்பூரம் காட்டியதும் இவர் குனிந்து முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் செல்வம் சன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பினான். கார் முன்னால் பாய்ந்தது. இவருடைய வலது கை சக்கரத்தின் அடியில் நசுங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

நாலைந்து பேர் சேர்ந்து காரைத் தூக்கிக் கையை எடுத்தார்கள்.

"சாவியத்தான் அண்ணி திருப்பினேன், வேற ஒண்ணும் தொடல லா!" என்று செல்வம் கத்தினான்.

அவன் கன்னத்தில் அறைந்தேன். வாயில் ரத்தம் வந்தபிறகும் அறைந்தேன்.

"விடுங்கம்மா, செத்துறப் போறான்!" என்று பூக்காரம்மாள் என்னைப் பிடித்து இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதை நாளை பார்த்துச் சொல்வார்களாம்.

முதல் கியரிலேயே நிறுத்தி, சாவியையும் விட்டுவிட்டு இறங்கியவள் நான். கியரே பிடித்துக்கொள்ளும் என்று ஹேண்ட்பிரேக்கையும் இழுக்கவில்லை. கியரில் நிற்கும் கார் சாவியைத் திருப்பினாலே பாயும்.

மயக்கம் தெளிந்ததும் இவர் கேட்டார்: "கியர்ல விட்டிருந்தியா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப அவன்தான் எதையோ நோண்டியிருக்கான். இனிமே நம்ம வீட்டுப் படி ஏறட்டும், காலை ஒடிக்கிறேன்."

வெளியே வராந்தாவில் செல்வம் தலையில் அடித்துக்கொண்டு அழுதது உள்ளே கேட்டது. நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.