இரண்டு விரல் கணு தண்ணீர்

அன்புள்ள இல்லாளுக்கு,

உன் முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்குச் சளி மட்டும்தான், கவலைப்படாதே.

அச்சக உணவகத்தில் வரிசையில் எல்லாருக்கும் வழிவிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் சூப் ஆறிப்போகிறது. இந்தக் குளிருக்கு அது போதாது என்று, நீ எழுதித் தந்த மிளகுக் கஞ்சியை நேற்று நானே வைத்தேன். ‘அரிசிக்கு மேல் இரண்டு விரல் கணு தண்ணீர்’ என்றிருக்கிறாய். யார் விரல், எந்த விரல் என்று எழுதக் கூடாதா? என் நடுவிரலை வைத்து மூன்று முறை சரிபார்த்துத்தான் ஊற்றினேன். கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. உடனே கேஸை மூடிவிட்டேன், பயப்படாதே.

பக்கத்து அறை ஓட்டுநர் எட்டிப் பார்த்து, “என்ன சார், கஞ்சி குடிக்கப் போறீங்களா, குளிக்கப் போறீங்களா? அரிசியக் காணோமே!” என்றார்.

எரிச்சலாக வந்தது. உன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. நாற்பது வருடம் அந்தக் கஞ்சியைக் குடித்தவன், நீ எந்த விரலை வைத்து அளந்தாய் என்று ஒருநாளும் பார்த்ததில்லையே.

ஆகவே உன் விரலைத் தாளில் வைத்துச் சுற்றிலும் வரைந்து, கணுக்களைக் குறித்து அனுப்பு. ஒரு விரல் போதும். தாளில் இடமிருந்தால் முழுக் கையையும் வரைந்துவிடு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்