மேப் மூடிவிட்ட கதவு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று மெஷின் நாள். வாரத்தில் மூன்று நாள் என் வீட்டம்மாவின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் பண்ணி, மறுபடி உள்ளே விடுகிறார்கள். நாலு மணி நேரம். பக்கத்து ஸ்டூலில் நான். நர்ஸ் எடை பார்த்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு கிலோ கூடியிருக்கு? தண்ணி நிறைய குடிச்சீங்களா?" என்று கேட்டது.

"அது தண்ணி இல்ல சிஸ்டர், கோபம். என் மேல சேத்து வச்சிருக்கா" என்றேன். அவள் கையில் ஊசி இருக்கிறது, எழுந்து வந்து அடிக்க முடியாது என்ற தைரியம்தான்.

சாயங்காலம் அவள் அக்கா போன் பண்ணினார். அவருக்கு நான் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் நான். அந்தக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறது. இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து ஹெட்மாஸ்டரால் வீட்டை விட்டு நகர முடியவில்லை.

"என்னால வர முடியாது. உனக்கு என்னடி கேடு? ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன்."

"வரேன்க்கா, வரேன்."

மெஷின் ஆரம்பித்து நாலு வருஷமாக இந்த 'வரேன்' ஓடுகிறது. வண்டிதான் கிளம்பவில்லை. மகன் கேட்டுக்கொண்டிருந்தான். "அந்த ஊர்லயும் டயாலிசிஸ் சென்டர் இருந்தா போயிட்டு வந்துடலாமேம்மா. பாக்குறேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இவள் உடனே என் பக்கம் திரும்பி, "அந்த நீலப் பெட்டி எங்கங்க?" என்றாள்.

பிப்ரவரி 4, புதன்

மகன் போனில் மேப்பைத் திறந்து நீட்டினான். ஹெட்மாஸ்டர் ஊரில் ஒரே ஒரு சென்டர். பெயருக்குக் கீழே சிவப்பில் 'நிரந்தரமாக மூடப்பட்டது'. கொடுத்திருந்த நம்பரும் அடிக்கவில்லை. அடுத்த சென்டர் அங்கிருந்து மூணு மணி நேரப் பயணம்.

"வேணாம்ப்பா, விட்டுடலாம்" என்றான்.

வீட்டம்மா கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். நீலப் பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

மெஷினில் படுத்திருந்த நேரம் முழுக்க என்னோடு ஒரு சண்டை கூடப் போடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

வருஷக்கணக்கில் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பலகையில் எழுதியிருக்கிற ஊருக்குத்தான் பஸ் போகும் என்று நம்பி ஏறியவர்களை வழியில் எத்தனை தடவை இறக்கி விட்டிருக்கிறேன்! டிரைவரைக் கேட்டவன் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தான். இந்த மேப்பும் ஒரு பலகைதானே? யாரைக் கேட்பது?

மகன் ஆபீஸ் போனதும் மேப்பை நானே திறந்தேன். சென்டருக்குப் பக்கத்தில் ஒரு டயர்க் கடை. நம்பரும் இருந்தது. போட்டேன்.

"சொல்லுங்க, என்ன வண்டி?"

"வண்டி இல்ல தம்பி. உங்க பக்கத்துக் கட்டடம் திறந்திருக்கான்னு கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்களேன்."

"யாருய்யா நீ?"

"ஒரு கிழவன். இருநூறு மைல் தள்ளி இருக்கேன். இங்கேருந்து எட்டிப் பாத்தா தெரிய மாட்டேங்குது."

சிரித்துவிட்டான். எழுந்து போன சத்தம் கேட்டது. திரும்பி வந்தான். "பூட்டு தொங்குது பெரியவரே. ஷட்டர் திறந்து பல மாசம் ஆச்சு. வேற இடம் மாறிட்டாங்கன்னு நெனக்கிறேன்."

போச்சு. எதுக்குடா போன் பண்ணினேன்? மேப்புதான் பொய்னு நெனச்சுக்கிட்டாவது இருந்திருக்கலாம்ல. இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது — சொல்லவே வேணாமா?

அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனசு கேட்கவில்லை. அதே தெரு முனையில் ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. அங்கேயும் போட்டேன்.

"மூடிட்டாங்களா? தினம் நாலு பேராவது கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு சந்துலேருந்து வராங்களே! என் பெஞ்சுல உக்காந்துதான் வண்டிக்குக் காத்திருப்பாங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "டயாலிசிஸ் சென்டர்லேருந்தா?"

"அது தெரியாதுங்க. சந்துக்குள்ள ரத்தம் டெஸ்ட் பண்ற எடமும் ஒண்ணு இருக்கு."

மறுபடி உட்கார்ந்தேன்.

மகன் வந்ததும் சொன்னேன். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்கப்பா. இதை நம்பிப் போய் அங்க கதவு மூடியிருந்தா? போன மழையில ரோடு அடைச்சு ஒரு நாள் தவறினதுக்கே அம்மாவை ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவள் என் சட்டைக் காலரைப் பிடித்த அந்தப் பிடி இன்னும் கழுத்தில் இருக்கிறது. அவன் சொல்வது நியாயம்தான்.

பிப்ரவரி 7, சனி

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே டயர்த் தம்பிக்கு மறுபடி போன். வீட்டம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, நேத்துப் பேசின கிழவன். பக்கத்துச் சந்துக்குள்ள ஒரு நட போய்ப் பாக்குறீங்களா?"

"பெரியவரே, நான் டயர் மாட்டுறவன். உங்களுக்கு ஒற்றன் வேலை பாக்குறவன் இல்ல."

"எனக்காக வேணாம். எங்க வீட்டம்மா அவங்க அக்காவப் பாத்து நாலு வருஷம் ஆச்சு. இங்க என் பக்கத்துலதான் படுத்திருக்காங்க, கையில ஊசியோட."

பிறகு ஸ்பானரைக் கீழே போடும் சத்தம். செருப்புச் சத்தம். "சந்துக்குள்ள வந்துட்டேன். ஒரு நாய் படுத்திருக்கு."

"நாய் திறந்திருக்கான்னு நான் கேக்கலப்பா."

"இருங்க இருங்க… இந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கு பெரியவரே! உள்ள லைட் எரியுது. வரிசையா கட்டில். ஆளுங்க படுத்திருக்காங்க. உசிரோடதான் இருக்காங்க, ஒருத்தர் பேப்பர் படிக்கிறார்!"

உள்ளே போய் அங்கிருந்த நர்ஸிடமே போனைக் கொடுத்துவிட்டான், தங்கப் பிள்ளை.

"நாங்க மூடிட்டோம்னு யாரு சார் சொன்னது? ரோடு அகலப்படுத்தினப்ப முன் வாசலை அடைச்சிட்டு சந்துப் பக்கம் வாசல் வச்சோம். பழைய போன் லைனும் அப்பவே போச்சு. ஷட்டரைப் பாத்துட்டு யாரோ மூடிட்டாங்கன்னு போட்டிருக்காங்க போல. ஓ… அதான் வெளியூர் ஆளு ஒருத்தர்கூட வரலையா! நாங்க காரணம் தெரியாம எங்களுக்குள்ளயே சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்."

இங்கே எங்கள் நர்ஸ் ஓடி வந்தது. "என்னம்மா, பிரஷர் ஏறுது?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஊருக்குப் போறா" என்றேன்.

வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஈரம். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நீலப் பெட்டிக்குப் பூட்டு சரியில்ல. மாத்தணும்" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

மகன் அந்த சென்டரில் நேரடியாகப் பேசி, அவர்கள் கேட்ட ரத்த ரிப்போர்ட், டாக்டர் சீட்டு எல்லாம் அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கட்டில் எங்களுக்கு. எனக்கு வாய், அவனுக்குப் பொறுப்பு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் வீடு தாங்காது.

பிப்ரவரி 15, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். காரில் உட்கார்ந்தே வந்து முதுகு ஒடிகிறது, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

காலைச் சாப்பாட்டுக்கு வழியில் மகன் ஒரு ஓட்டல் பார்த்து வைத்திருந்தான். மேப்பில் 'திறந்திருக்கிறது', நாலரை நட்சத்திரம். போய் இறங்கினால் மெத்தைக் கடை. பசி வயிற்றைக் கிள்ளுகிறது. "உள்ள போய் மூணு மெத்தை சொல்லட்டுமா? எனக்கு மட்டும் கொஞ்சம் முறுகலா" என்றேன். வீட்டம்மா சிரித்த சிரிப்பில் பெட்டிமேல் வைத்திருந்த என் கண்ணாடி கீழே விழுந்தது. அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள்!

ஊருக்குள் வந்ததும், "அக்கா வீட்டுக்கு அப்புறம் போவோம். மொதல்ல அந்தக் கதவப் பாக்கணும்" என்றாள். சந்துக்குள் போனோம். கண்ணாடிக் கதவு இருந்தது. உள்ளே இருட்டு. கைப்பிடியில் பூட்டு.

மகன் என்னைப் பார்த்தான். நான் நாயைப் பார்த்தேன். வீட்டம்மா என் முழங்கையைப் பிடித்தாள், இறுக்கமாக.

பிறகுதான் கதவின் மூலையில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது: 'ஞாயிறு விடுமுறை'. சாமி! விடுமுறை என்ற சொல்லைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது பள்ளிக்கூடத்தில்கூட இல்லை.

ஹெட்மாஸ்டர் சக்கர நாற்காலியில் வாசலுக்கே வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"எளச்சிட்டடி."

"நீ மட்டும் என்னவாம், தல பூரா பஞ்சாயிடுச்சு."

அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விடவே இல்லை. நான் பெட்டியை எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வருவதற்குள், சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்தது யார் என்று சண்டை ஆரம்பித்திருந்தது. நிம்மதி. இப்போதும் பக்கத்து அறையில் அதேதான் ஓடுகிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

கதவு திறந்திருந்தது. நாலு மணி நேரம், எந்தக் குறையும் இல்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஹெட்மாஸ்டர் எட்டுத் தடவை போன் பண்ணினார். "மாப்ள, அவளுக்குப் போர்வை கேட்டு வாங்குங்க. நீங்க பாட்டுக்குக் கத அளந்துக்கிட்டு இருக்காதீங்க." என் கை முதுகுக்குப் பின்னால் போனது.

நடுவில் டயர்த் தம்பியைப் போய்ப் பார்த்தேன். குரலை வைத்துப் பெரிய மீசை இருக்கும் என்று நினைத்திருந்தேன். மீசையே இல்லை. கை பூராவும் கருப்பு மசி. குலுக்கத் தயங்கினான், நான் விடவில்லை.

"ஆறு மாசமா பக்கத்துலயே இருந்துட்டு எனக்குத் தெரியல பெரியவரே. அசிங்கமா இருக்கு."

"உலகம் பூராவும் பாக்குற மேப்புக்கே தெரியல. உனக்கென்ன?"

மகன் கண்ணாடிக் கதவைப் படம் பிடித்து, திறந்திருக்கிறது என்று மேப்புக்கு அனுப்பினான். 'சரிபார்த்துச் சொல்கிறோம்' என்று பதில் வந்தது. அதுவும் ஒரு 'வரேன்க்கா, வரேன்'தான்.

பிப்ரவரி 18, புதன்

வீடு திரும்பியாச்சு. ஜாடியை உடைத்தது இவள்தான். காரில் என் காதோடு சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

சிவப்பு எழுத்து போய்விட்டது என்று மகன் காட்டினான். சென்டருக்கு வெளியூர்க்காரர் இரண்டு பேர் வந்து போனார்களாம்.

மத்தியானம் ஒரு போன். "பெரியவரே, டயர்க்கடை. அம்மாவுக்குக் கண்ணுல புரை. உங்க தெருவுக்குப் பின்னால ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்காமே. மேப்புல திறந்திருக்குன்னுதான் போட்டிருக்கு… இருந்தாலும் நீங்க ஒரு நட…"

"தம்பி, நான் டிக்கெட் கிழிச்சவன். உனக்கு ஒற்றன் வேலை பாக்குறவன் இல்ல" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினேன்.

வீட்டம்மா எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். "நீங்க பூட்டப் பாத்துட்டு வந்து நிப்பீங்க. நானும் வரேன்."

மெதுவாக நடந்தோம். மூச்சு வாங்காமல் வந்தாள். ஆஸ்பத்திரி திறந்திருந்தது. உள்ளே போய், டாக்டர் என்றைக்கு வருவார் என்று கேட்டு, சந்தேகத்துக்கு இன்னொருத்தரிடமும் கேட்டு, மின்விசிறிக்குக் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே வந்து போன் போட்டேன்.

"திறந்திருக்கு தம்பி. கண்ணால பாத்துட்டேன். அம்மாவக் கூட்டிக்கிட்டு வா."

"எந்தப் பக்க வாசல் பெரியவரே?" என்று கேட்டான்.

பயல் தேறிவிட்டான்.