ஜன்னலுக்குக் கீழே ஒரு கோடு

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று ரோலும் வந்து சேர்ந்தன. பிலிமைக் கடல் தண்ணீரில் ஊறவைத்து அனுப்புகிறாயே, கலை உனக்கு, கழுவுகிற வேலை எனக்கா? போட்டோ லேபில் என் தொட்டி முழுக்க உப்பு. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அலை புகையாகவும் வானம் கொப்புளம் கொப்புளமாகவும் விழுந்து அசத்திவிட்டது. உன் கண்காட்சிக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கிறேன். படத்தில் உன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே, கடல் பக்கச் சுவரில் மட்டும் பிலிமை உப்பு அரித்து ஒரு கோடு. பிரிண்டில் தெரியாதபடி நெகட்டிவிலேயே மை வைத்து அடைத்துவிட்டேன். உனக்கும் இத்துடன் ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். குட்டிக்கு முத்தம்.

உன் அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

பிரிண்ட் பிரமாதம். குட்டியின் கட்டிலுக்கு மேலேயே மாட்டிவிட்டேன். நாலு நாளாக அலை சுவரில் வந்து மோதுகிறது. போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது, இனி கடிதம்தான். வீட்டுக்காரிக்கு ஒரே பயம். "கட்டில் ஆடுதுங்க, அம்மா வீட்டுக்குப் போயிடலாம்" என்கிறாள். உன் படத்தைக் காட்டி, "பாரு, சுவர்ல ஒரு கீறல் இருக்கா?" என்றேன். கட்டிய பையைப் பிரித்துவிட்டாள். இத்துடன் இன்னொரு ரோல். போன தடவை நின்ற அதே பாறையிலிருந்து வீட்டைப் பார்த்து எடுத்ததுதான்.

உன் தம்பி

ஜூன் 19

தம்பி,

புது ரோலை இன்று கழுவினேன். அதே ஜன்னலுக்குக் கீழே அதே கோடு, நீளமாகி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. உப்பு எங்கே வேண்டுமானாலும் அரிக்கும், ரோலுக்கு ரோல் ஒரே இடத்திலா அரிக்கும்? அது பிலிமில் இல்லையடா, சுவரில் இருக்கிறது. நீ அவளுக்குக் காட்டிய சுவர் நான் மை வைத்துப் பூசியது. பாவி நான். பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. கேமரா, பிரிண்ட், எதையும் எடுக்காதே.

அக்கா

ஜூன் 24

அக்காவுக்கு,

மூன்று பேரும் மாமியார் வீட்டில் இருக்கிறோம். உன் கடிதத்தை அவள்தான் முதலில் படித்தாள். உடனே குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவனா? படத்தைக் கழற்றத் திரும்பினேன். வாசற்படியில் கால் வைக்கிறேன், எதிரே கடல் பக்கச் சுவர் கட்டிலோடு போய்விட்டது. சத்தம்கூட அப்புறம்தான் கேட்டது. கட்டில் கிடந்த இடத்தில் கடல் தெரிந்தது.

குழாயைத் திறந்தாலே குட்டி என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். எனக்கும் அதே பயம்தான், வெளியே சொல்வதில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு என்மேல் இருக்கிறது, இருக்கட்டும்.

கண்காட்சிக்கு அந்தப் படமே போகட்டும். மையைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பிரிண்ட் போடு.

உன் தம்பி